ஆளுக்கு மூன்று

மதிவதனியைக் கொன்ற வரி எது என்று மார்ச் பத்தாம் தேதி காலை பதினொன்றேகாலுக்குக் கண்டுபிடித்தேன். அதைத் திருத்த ஒரு மணி நேரம் போதும். திருத்தவில்லை. ஃபைலை மூடிவிட்டுக் கீழே போய் டீ குடித்தேன்.

மதி என் மனைவி. ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. ஷிப்ட் முழுக்க நிற்க வேண்டும். செப்டம்பர் தொடக்கத்தில் அவளுக்கு இடது கெண்டைக்கால் வீங்கியது. இரண்டு வாரம் கழித்து மூச்சு வாங்கியது. வெளியே டாக்டரிடம் போகலாம் என்றேன். கம்பெனி மருத்துவ அறையின் சீட்டு இல்லாமல் லீவு போட்டால் அந்த மாத வருகைப் பரிசு போய்விடும், அவர்களே அனுப்பட்டும் என்றாள். அந்த மாதம் நான்கு முறை அங்கே போனாள். மூன்று, பதினொன்று, பத்தொன்பது, இருபத்தாறு. நான்கு முறையும் மாத்திரை கொடுத்து வேலைக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

இருபத்தாறாம் தேதி ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது, வல்லக்கோட்டையைத் தாண்டியதும், பக்கத்தில் இருந்த பூஜாவின் தோளில் சாய்ந்திருக்கிறாள். தூங்குகிறாள் என்று பூஜா அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். எங்கள் பென்னலூர் நிறுத்தத்தில்தான் எழுப்பிப் பார்த்திருக்கிறார்கள். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது என்று சொன்னார்கள். மதிக்கு இருபத்தேழு வயது.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு விதி உண்டு. மருத்துவ அறையின் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. முப்பது நாளுக்குள் ஒரே ஆள் மூன்றாவது முறை வந்தால், காரணம் எதுவானாலும் வெளி மருத்துவமனைக்கு அனுப்பியாக வேண்டும். பத்தொன்பதாம் தேதியே அவளை அனுப்பியிருக்க வேண்டும்.

அடக்கத்துக்கு முன்பே கம்பெனி ஒரு விசாரணையை நடத்தி முடித்தது. ஒரு தாள் கொடுத்தார்கள். அவள் கடைசியாகப் போன அன்றைக்கு மருத்துவ அறையின் கம்ப்யூட்டர் திரையில் தெரிந்ததை அப்படியே அச்சடித்த தாள். மதியின் பெயருக்கு எதிரே 'முந்தைய வருகை இல்லை' என்று இருந்தது. பாதுகாப்பு மேலாளர் என் மாமியாரிடம், "முன்னாடியே ஒரு தடவை வந்து சொல்லியிருந்தா காப்பாத்தியிருக்கலாம்மா" என்றார். மாமியார் அதை நம்பினார். கல்லறையில் மண் போடும்போது, "ஏண்டி ஒரு வார்த்த சொல்லல, ஏண்டி வாய மூடிக்கினு இருந்த" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவள் நான்கு முறை சொன்னாள். அந்த நான்கு தேதிகளையும், இல்லை என்று சொன்னவர்களின் வாயாலேயே, ஆட்கள் முன்னால் வாசிக்க வைக்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மருத்துவ அறைத் திரையைச் செய்துகொடுத்த நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில், ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மொத்தம் பதினாறு பேர். நவம்பரில் ஆள் எடுத்தார்கள். நான் தண்டலத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன். கிண்டியில் ஐந்து வருடம் இதே வேலை பார்த்தவன். விண்ணப்பப் படிவத்தில் திருமணமானவரா என்று ஒரு கட்டம். இல்லை என்று குறித்தேன்.

தலைமைப் பொறுப்பில் இருந்தவர் புருஷோத்தமன். நாற்பதைத் தாண்டியவர். கலகலப்பானவர். நான் டிபன் பாக்ஸைத் திறந்து மூடிவிடுவதைப் பார்த்து, "என்ன ஜோயல், சாப்பாட்ட மோந்து பாத்தே வயிறு ரொம்பிடுதா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தத் திரையைச் செய்தாலும் 'டெஸ்ட் ஒன்று' என்று ஒரே ஒரு ஊழியரை உருவாக்கி, அவரை வைத்து மட்டுமே சோதிப்பார். "ஒரு ஆளுக்கு ஒழுங்கா வருதா? அப்போ ஊருக்கே வரும். அடுத்த வேலையப் பாரு."

மார்ச்சில்தான் அந்தத் தொழிற்சாலையின் பராமரிப்பு என் கைக்கு வந்தது.

திரை செய்யவேண்டிய வேலை எளியது. வந்திருக்கும் ஊழியர்களின் எண்களை நர்ஸ் அடிப்பார். பட்டியல் வரும். ஒவ்வொருவரின் பெயருக்குக் கீழும் அவருடைய கடைசி மூன்று வருகைகள் தெரிய வேண்டும். அதைப் பார்த்துத்தான் இது எத்தனையாவது முறை என்று நர்ஸ் முடிவு செய்வார்.

புருஷோத்தமன் எழுதிய நிரல் வரி, ஊழியர்களை எடுக்கும்போதே அவர்களோடு சேர்ந்த வருகைகளையும் எடுத்துவா, புதியதை முதலில் வை, மூன்றோடு நிறுத்து என்றது. படிக்கும்போது சரியாகத்தான் இருக்கும். ஆனால் நாங்கள் நிரலுக்கு அடித்தளமாக வைத்திருந்த பழைய பிரேம்வொர்க் ஆள் ஆளாகப் போய் எடுக்காது. பட்டியலில் இருக்கும் எல்லோருடைய வருகைகளையும் ஒரே கேள்வியாகத் தரவுத்தளத்திடம் கேட்கும். 'மூன்றோடு நிறுத்து' என்பது அந்த ஒரே கேள்விக்குப் போய்விடும். ஆளுக்கு மூன்று கிடைக்காது. எல்லோருக்கும் சேர்த்து மூன்று.

பட்டியலில் ஒரே ஒரு ஆள் இருந்தால் தவறு தெரியாது. டெஸ்ட் ஒன்றுக்கு எப்போதும் மூன்று வரும்.

தொழிற்சாலையில் யாரும் தனியாக வருவதில்லை. ஒருவர் இடத்தை விட்டு நகர்ந்தால் அடுத்தடுத்த கைகள் நின்றுவிடும். மாற்று ஆள் டீ நேரத்தில்தான் கிடைப்பார். அதனால் உடம்பு முடியாதவர்களை டீ நேரம் வரை நிறுத்திவைத்து, சூப்பர்வைசர் ஐந்தாறு பேராகச் சேர்த்து அனுப்புவார். நர்ஸும் ஐந்து எண்களையும் ஒன்றாக அடிப்பார்.

விசாரணைத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கும் ஐந்து பேர். நான்கு பேருக்கு எதிரே 'முந்தைய வருகை இல்லை'. ஐந்தாவது அண்ணாதுரை, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். சர்க்கரையால் காலில் ஆறாத புண். ஏற்கெனவே வெளி மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள்; அங்கே சொன்னபடி தினமும் கட்டு மாற்ற வருவார். நேற்று, முந்தாநாள், அதற்கு முந்தின நாள். மூன்று இடமும் அவருக்கே போயிருந்தது.

அதோடு விட்டிருந்தால் அதை ஒரு தவறு என்று நினைத்திருப்பேன். நானே அப்படி எழுதியிருக்கக் கூடியவன்தான். பழைய புகார்களைத் தேடினேன். லீலா என்ற நர்ஸ் போன வருடம் ஜூனிலும் ஆகஸ்டிலும் மெயில் போட்டிருந்தார். 'சிலருக்குப் பழைய வருகைகள் வருவதில்லை.' இரண்டு முறையும் புருஷோத்தமன் டெஸ்ட் ஒன்றின் படத்தை அனுப்பி, 'சரியாக வேலை செய்கிறது' என்று புகாரை மூடியிருந்தார். மதி இறந்து நான்கு நாள் கழித்து லீலா மூன்றாவது மெயில் போட்டிருந்தார். இந்த முறை புருஷோத்தமன் பதில் அனுப்பவில்லை. வாடிக்கையாளருக்குத் தெரியாத உள்குறிப்புப் பகுதியில் எழுதியிருந்தார்: 'காரணம் தெரிந்தது. லிமிட் மொத்தமாக விழுகிறது. இப்போது மாற்றினால் ஏன் மாற்றினீர்கள் என்று கேட்பார்கள். ஆடிட் முடியட்டும்.'

அதைப் படித்த பிறகுதான் கீழே போய் டீ குடித்தேன்.

அந்தத் தொழிற்சாலையில் ஒயர் வாங்கும் கார் கம்பெனி வருடத்துக்கு ஒருமுறை வந்து எல்லாவற்றையும் சோதிக்கும். அதுதான் ஆடிட். ஏப்ரல் இரண்டாம் தேதி என்று குறித்திருந்தார்கள். மருத்துவ அறைத் திரையைப் புருஷோத்தமனே வந்து விளக்குவதாக இருந்தது. நான் வரியைத் திருத்தினால் அது இன்னொரு அப்டேட். அவர் கைதட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கச் சொல்வார். வரி அப்படியே இருக்க வேண்டும். வெளி ஆட்கள் பார்க்கும்போது, அவர் கைபடவே அது விழ வேண்டும். இருபத்துமூன்று நாள்.

வெள்ளிக்கிழமைதோறும் நான் தொழிற்சாலைக்குப் போக வேண்டும். பதினான்காம் தேதி மருத்துவ அறையில் லீலா மட்டும் இருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார்.

"இன்னா தம்பி, இப்பவாச்சும் இந்தப் பொட்டிய சரி பண்ண வந்தியா? போன வருசத்துலேர்ந்து கத்திக்கினு கீறேன்."

"செப்டம்பர்ல மதிவதனின்னு ஒருத்தங்க இறந்தாங்க இல்ல. அன்னிக்கு நீங்கதான் ட்யூட்டியா?"

அவர் கை நின்றது. "நீ யாரு?"

"அவங்க வீட்டுக்காரன்."

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். உட்காரவில்லை.

"ஸ்க்ரீன்ல ஒண்ணுமே இல்ல தம்பி. சத்தியமா இல்ல. ரெண்டாயிரம் பேரு. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறுது. முகத்துல மாஸ்க்கு, தலையில தொப்பி. நான் எந்த மூஞ்சிய ஞாபகம் வெச்சுக்கறது?"

"அவ சொல்லலையா?"

லீலா சுவரைப் பார்த்தார். "சொன்னா. ஏற்கெனவே மூணு தடவ வந்தேன்கான்னு சொன்னா. ஸ்க்ரீன்ல இல்லியேம்மான்னேன். லீவு வேணும்னா எல்லாரும் அப்டித்தான் சொல்லுவாளுங்க. நான் ஸ்க்ரீனத்தான் நம்பினேன்."

என்ன நடந்தது என்று அவருக்கு விளக்கினேன். இரண்டாம் முறை சொன்னபோது புரிந்துகொண்டார்.

"கேன்டீன்ல ஆளுக்கு மூணு வடைன்னு சொன்னா, அஞ்சு தட்டுக்கும் சேத்து மூணு வடைய வெச்சுட்டுப் பூட்டானா?"

"ஆமா."

"அந்த மூணையும் அண்ணாதுர தட்டுல."

"ஆமா."

"அடப்பாவி. சரி, மாத்து. இப்பவே மாத்து. குந்து."

"ஆடிட் அன்னிக்கு எல்லார் முன்னாடியும் தெரியணும். அதுவரைக்கும் மாத்த மாட்டேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். புருஷோத்தமனின் குறிப்பை என் போனில் காட்டினேன். படித்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அவன் ஆடிட் முடியட்டும்னு உக்காந்துக்கினு இருந்தான். நீ ஆடிட் வரட்டும்னு உக்காந்துக்கினு கீற. எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் தெரியறீங்க."

"அவர் தன்னைக் காப்பாத்திக்க. நான் அவளுக்காக."

"அவ செத்துட்டா தம்பி. இங்க வர்றதெல்லாம் உசுரோட வர்றதுங்க."

லீலா மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். சுத்தமாக இருந்த மேசை.

"என் ஷிப்ட்ல நான் ஒவ்வொருத்தரா போட்டுப் பாத்துக்கறேன். உன்கிட்ட பர்மிசன் கேக்கல, சொல்றேன்."

"மத்த ஷிப்ட் நர்ஸுங்ககிட்ட சொல்லாதீங்க. பேச்சு கிளம்பினா அவர் காதுக்குப் போயிடும். அவரே மாத்திடுவார்."

"நான் சொன்னா, செப்டம்பர்ல நீ இன்னா பண்ணேன்னு என்னியத்தான் மொதல்ல கேப்பாங்க," என்றார். அதைப் பயத்தோடு சொன்னாரா, வெறுப்போடு சொன்னாரா தெரியவில்லை. சொல்ல மாட்டார் என்பது மட்டும் தெரிந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

இருபதாம் தேதி மாலை அலுவலகத்தில் உட்கார்ந்து தொழிற்சாலையின் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் பார்ப்பேன். இரண்டாம் ஷிப்ட் டீ நேரத்தில் ஆறு எண்கள் ஒன்றாக அடிக்கப்பட்டன. நான்காவது எண், பஸ்ஸில் மதிக்குப் பக்கத்தில் இருந்த பூஜாவுடையது. அவளுடைய எண் எனக்குத் தெரியும். அவள் எட்டாம் தேதியும் பதினைந்தாம் தேதியும் வந்திருந்தாள். இது மூன்றாவது. திரையில் என்ன வந்திருக்கும் என்று பார்த்தேன். அந்தக் குழுவிலும் கைப்புண்ணுக்குத் தினமும் கட்டு மாற்றுபவர் ஒருவர் இருந்தார். மூன்றும் அவருக்கு. பூஜாவுக்கு 'முந்தைய வருகை இல்லை'.

நான்கு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வரியைத் திருத்திவிட்டால் அவள் வருகைகள் வந்துவிடும். புருஷோத்தமன் எனக்குப் பின்னால் நின்று யாரிடமோ கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய குரலைக் கேட்டுக்கொண்டே லீலாவுக்குப் போன் செய்தேன். வீட்டில் இருந்தார்.

"இப்ப ட்யூட்டியில இருக்கற நர்ஸ்கிட்ட, பூஜாவை மட்டும் தனியா அடிச்சுப் பாக்கச் சொல்லுங்க. உங்க சொந்தக்காரப் பொண்ணுன்னு சொல்லுங்க. வேற எதுவும் சொல்லாதீங்க."

அன்று இரவே பூஜாவை ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள். மஞ்சள் காமாலை. முற்றிப் போயிருந்தது. இரண்டு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னதாக லீலா சொன்னார். சொல்லிவிட்டு, "மத்ததுங்களுக்கு யாரு போன் பண்ணுவா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான் பதிவுகளைப் பார்ப்பதை நிறுத்தினேன். பார்த்தால் திருத்திவிடுவேன் என்று தெரிந்தது.

ஏப்ரல் இரண்டு. ஆடிட்டர் ரஞ்சனி பெங்களூரிலிருந்து வந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார். பாதுகாப்பு மேலாளர், மூன்று நர்ஸுகள், நான். புருஷோத்தமன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். திரையைச் சுவரில் பெரிதாகக் காட்டினார். டெஸ்ட் ஒன்றின் எண்ணை அடித்தார். மூன்று வருகைகள் வந்தன. மூன்றாவதைச் சிவப்பில் காட்டி, "விதிப்படி இவரை வெளிய அனுப்பணும்னு சிஸ்டமே சொல்லுது மேடம். மனுசத் தப்புக்கு இடமே இல்ல," என்றார்.

டீ மணி அடித்தது. வழக்கம்போல ஐந்து பேர் உள்ளே வந்து சுவரோரம் நின்றார்கள். அண்ணாதுரை நொண்டிக்கொண்டே வந்து முதல் ஆளாக உட்கார்ந்தார்.

"மேடம்," என்றேன், "இவங்க நம்பரைப் போட்டுக் காட்டலாமே. நிஜ ஆளுங்க."

"அதெல்லாம் டெமோவுல வேணாம் ஜோயல்," என்றார் புருஷோத்தமன். சிரித்துக்கொண்டேதான்.

"ஏன் வேணாம்?" என்றார் ரஞ்சனி.

லீலா ஐந்து எண்களையும் வாங்கி ஒன்றாக அடித்தார். அண்ணாதுரைக்கு மூன்று. மற்ற நால்வருக்கும் 'முந்தைய வருகை இல்லை'.

"நான் போன வாரம் வந்தேனே," என்றார் கடைசியில் நின்ற ஒருவர். "இன்னாபா இது, ஆளையே காணாம அடிச்சிட்டீங்க?"

அவரை மட்டும் தனியாக அடிக்கச் சொன்னார் ரஞ்சனி. இரண்டு வருகைகள் வந்தன. ஐந்து பேரோடு சேர்த்து அடித்தார்கள். காணோம். ரஞ்சனி பேனாவை மூடினார்.

"நெட்வொர்க் ஸ்லோ மேடம்," என்றார் புருஷோத்தமன்.

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். "சார், இன்னொரு நம்பர் சொல்றேன். நீங்களே அடிங்க." சொன்னேன். அடித்தார். மதிவதனி என்று வந்தது. அதற்குக் கீழே மூன்று வரிகள்.

"தேதிய வாசிங்க சார்."

"எதுக்கு?"

"வாசிங்க."

அவருக்குப் புரியவில்லை. ஆனால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "செப்டம்பர் இருபத்தாறு. பத்தொன்பது. பதினொன்னு."

"இன்னொண்ணு இருக்கு. மூணுக்கு மேல உங்க திரை காட்டாது." தரவுத்தளத்தை நேரடியாகத் திறந்து காட்டினேன். "இதையும்."

"செப்டம்பர் மூணு."

"பேரோட சேத்து வாசிங்க. நாலையும்."

பாதுகாப்பு மேலாளர் எழுந்துவிட்டார். அவருக்கு அந்தப் பெயர் தெரியும். புருஷோத்தமன் என் முகத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "யாரு இது?"

"என் மனைவி."

அவர் வாசித்தார். இரண்டாவது தேதியில் நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். எனக்கு நன்றாக இருந்தது. ஆறு மாதத்தில் முதல்முறையாக ஏதோ ஒன்று நன்றாக இருந்தது. அவருடைய உள்குறிப்பை அச்சடித்து வைத்திருந்தேன். அதை ரஞ்சனியிடம் கொடுத்தேன்.

அண்ணாதுரை கட்டுப் போட்ட காலை நீட்டியபடியே கேட்டார், "அப்போ எம் புண்ணுதான் அந்தப் பொண்ண மறைச்சுதா?"

எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "சொல்லுங்கப்பா," என்றார். லீலா போய் அவர் தோளில் கை வைத்தார்.

ரஞ்சனி குறிப்பைப் படித்து முடிப்பதற்குள் புருஷோத்தமன் தெளிந்துவிட்டார். புத்திசாலி. "நான் பண்ணது தப்பு மேடம். ஒத்துக்கறேன். ஆனா மார்ச் மாசத்துலேர்ந்து இதப் பராமரிக்கறது இவன்தான். இவனுக்கு எப்பத் தெரியும்னு கேளுங்க."

"எப்பத் தெரியும்?" என்றார் ரஞ்சனி.

"மார்ச் பத்து."

"இன்னிக்கு ஏப்ரல் ரெண்டு."

"ஆமா."

"இத்தனை நாளும் நர்ஸுங்க இந்தத் திரையைத்தானே நம்பினாங்க?"

மற்ற இரண்டு நர்ஸுகளும் லீலாவைப் பார்த்தார்கள். லீலா என்னைப் பார்த்தார்.

"ஆமா."

"இந்த நாட்கள்ல மூணாவது தடவையா வந்து, வெளிய அனுப்பாம விட்டவங்க எத்தனை பேரு?"

"தெரியாது."

"பாருங்க. இப்பவே."

உட்கார்ந்து எழுதினேன். ஊழியர்வாரியாகப் பிரி, ஒவ்வொருவருடைய வருகைக்கும் தனித்தனியாக எண் போடு, முப்பது நாளுக்குள் மூன்றை எட்டியும் வெளியே அனுப்பப்படாதவர்களைக் காட்டு. வேலை செய்தது. ஒன்பது பெயர்கள் வந்தன.

எட்டுப் பேரை ஒரு மணி நேரத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். நான்கு பேர் அந்த ஷிப்டிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். நான்கு பேர் வீட்டிலும் விடுதியிலும். வேன் வைத்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஒன்பதாவது தங்கமாரி. வயது இருபத்தொன்று. மார்ச் இருபத்திரண்டாம் தேதி மூன்றாவது முறை வந்திருக்கிறாள். காய்ச்சல், வாந்தி. இருபத்தைந்தாம் தேதியிலிருந்து வேலைக்கு வரவில்லை. அவளுடைய போன் அணைந்திருந்தது. சொல்லாமல் நின்றவர்கள் என்ற பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்திருந்தார்கள்.

என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். புருஷோத்தமனுடையதையும் வாங்கினார்கள். அவர் காருக்குப் போகும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். நடை தளர்ந்திருந்தது. அதிலும் எனக்குக் கொஞ்சம் நிறைவு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். என் மாமியாருக்குப் போன் செய்து, மதி நான்கு முறை சொன்னாள், அவர்களே வாசித்தார்கள் என்று சொல்ல வேண்டும். ஆனால் தங்கமாரி இருந்த விடுதி சேரப்பணஞ்சேரியில். பைக்கை முதலில் அங்கே விட்டேன்.

ஒரு அறையில் எட்டுப் பெண்கள். இரண்டாம் ஷிப்டுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய அப்பா வந்து ஊருக்குக் கூட்டிப் போய்விட்டார் என்றார்கள். தென்காசிப் பக்கம். ஒருத்தி அவருடைய எண்ணைத் தேடிக் கொடுத்தாள். "நடக்கவே முடியலண்ணா அவளால. ரெண்டு பேரு புடிச்சுத்தான் பஸ்ல ஏத்தினோம்."

வெளியே வந்து பைக்கின் மீது உட்கார்ந்து போட்டேன். நான்காவது மணியில் எடுத்தார்.

"யாரு பேசுதீக?"

"கம்பெனியிலேர்ந்து பேசறேன்ங்க. தங்கமாரி எப்படி இருக்காங்க?"

"பெரியாஸ்பத்திரியில ஐசியூவுல வச்சிருக்காக. கண்ணு முழிக்கல." பின்னால் யாரோ பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "கம்பெனிக்கு நான் போன் போட்டேன்யா. எம்மவ அங்க மொத தடவையாத்தான் வந்தான்னு சொல்லுதாக. அவ எங்கிட்ட மூணு தடவ போனேம்ப்பான்னா. காச்சல்ல பொலம்புதான்னு நெனச்சேன். முன்னாலயே போய்ச் சொல்லியிருக்கலாம்லாட்டின்னு நானே ஏசிட்டேன் பிள்ளய."

"அவங்க சொன்னது நிஜம்ங்க. மூணு தடவை வந்திருக்காங்க."

"தேதி இருக்கா?"

"இருக்கு."

"இருங்க, பேனா வாங்கிக்கிடுதேன்."

காத்திருந்தேன். மூன்று தேதிகளையும் சொன்னேன். திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார்.

"பொறவு ஏன் இல்லன்னாக?"

"திரையில தப்பு இருந்தது. மத்தவங்களோட சேந்து வந்தா அவங்க பேருக்குக் கீழ எதுவும் காட்டாது. ஆம்புலன்ஸ்ல அனுப்பியிருக்கணும். அனுப்பல."

"அந்தத் தப்பு அங்க யாருக்கும் தெரியாதா?"

விடுதி வாசலுக்குக் கம்பெனி பஸ் வந்து நின்றது. பெண்கள் ஓடி வந்து ஏறினார்கள். அது கிளம்பிப் போகும் வரை பேசாமல் இருந்தேன். அவர் வைத்துவிடவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றேன். "அவங்க மூணாவது தடவை வர்றதுக்குப் பன்னெண்டு நாள் முன்னாடியே தெரியும். நான் நெனச்சிருந்தா ஒரு மணி நேரத்துல சரி பண்ணியிருக்கலாம்."

பிறகு அவர் கேட்டார், மரியாதையெல்லாம் போன குரலில்.

"ஒம் பேரு என்ன?"

"ஜோயல்."

"ஊரு?"

"பென்னலூர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம்."

"பென்னலூர்," என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். "தெருவும் சொல்லு."

சொன்னேன்.